பழைய எஞ்சினைத் திருத்துவதா, விற்பதா?

கடந்த ஆவணி மாதத்தில் ஒரு நாள் பின்னேரம். மன்னார்க் கரையோரத்தில் உள்ள குடியேற்றக் கிராமம் ஒன்றில் சுழற்சிக் கடன் குழுவின் கூட்டம் முடிந்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போன பின்னரும் ஒரு தாய் மட்டும் வாசலில் நின்றார். கூட்டம் நடந்த இரண்டு மணித்தியாலமும் வாய் திறக்காதவர்.

“பாதர், ஒரு விசயம் கேக்கவேணும். எங்கட எஞ்சினை விக்கிறதோ, திருத்திறதோ? ஒராள் வந்து விலை கேட்டு நிக்கிறார். முப்பத்தையாயிரம் தாறாராம். நாளைக்கு முடிவு சொல்லவேணுமாம்.”

நாம் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தோம். காபரேற்றர் பற்றி அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் கிராமங்களில் பணிசெய்யும் ஒருவரிடம் மக்கள் இப்படிப்பட்ட கேள்விகளையே கொண்டுவருகிறார்கள். “பாத்துப்போட்டுச் சொல்லுவம் அம்மா” என்று அவருடன் நடந்தோம்.

கொட்டிலின் பின்புறம், பனங்குற்றியில் அடித்த பலகை ஒன்றில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. சீமெந்துப் பை ஒன்றால் மூடியிருந்தார்கள். 9.9 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுவது. அவருடைய கணவர் 2012 இல் பழையதாக வாங்கியது. அப்போதே அதற்கு நல்ல வயது. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. ஒன்றரை வருடமாக எஞ்சின் கடலுக்குப் போகவில்லை.

இவர்கள் கடற்றொழில் பரம்பரை அல்ல. கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்த குடும்பம். 2007 இல் ஊரை விட்டு வெளியேறி, இடத்துக்கு இடம் மாறி, யுத்தம் முடிந்த பின்னர் முகாமில் இருந்து, கடைசியாக இந்தக் கரையோரத்தில் குடியமர்ந்தார்கள். வயல் காடாகிக் கிடந்தது, உறுதியும் தொலைந்துபோயிற்று. வேறு வழியின்றி அந்த மனிதர் அயலவர்களிடம் வலை விடப் பழகினார். தாலிக்கொடி அடகுக்குப் போனது, எஞ்சின் வந்தது. இப்போது வயலில் இரண்டு ஏக்கர் மட்டும் கைக்கு வந்திருக்கிறது. காலபோகத்துக்கு உழவும் விதைநெல்லும் தேவை. புரட்டாசிக்குள் பணம் வேண்டும். ஆகவேதான் அந்தத் தாய்க்கு முப்பத்தையாயிரம் பெரிதாகத் தெரிந்தது.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. திண்ணையில் இருந்தபடி, “அப்பா இதை வச்சுத்தான் எங்களைப் படிப்பிச்சவர்” என்றான். தாய் திரும்பிப் பார்க்கவே இல்லை. “அப்பாவை நினைக்கிறதெண்டால் படம் தொங்குது தம்பி” என்றார்.

எஞ்சின் பற்றிய கேள்வி இது மட்டுமல்ல என்பது அப்போதே எமக்கு விளங்கியது. திருத்தினால் மகன் கடலுக்குப் போவான், குடும்பம் இங்கேயே நின்றுவிடும். விற்றால் வயலுக்குத் திரும்பலாம். தாயின் மனதில் கணக்கு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இது போன்ற கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எமது வாசகர்களிடையேயும் இருப்பார்கள். சிலரிடம் எஞ்சின் இருக்கும். சிலரிடம் இரண்டு அங்குல நீர்ப்பம்பியோ, பழைய லாண்ட்மாஸ்ரரோ இருக்கும். பொருள் வேறு, யோசிக்கும் முறை ஒன்றுதான். ஆகவே அன்று செய்தவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் செய்தது, வந்து நின்றவருக்கு “நாளைக்கு இல்லை, வாற கிழமை” என்று சொல்லியனுப்பியது. பழைய பொருளை வாங்க வருகிறவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. பொருளின் பெறுமதி விற்பவருக்குத் தெரியவருமுன் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பதாகவும் அது இருக்கலாம். ஒரு கிழமை பொறுத்தால் எஞ்சின் இன்னும் பழுதாகிவிடப் போவதில்லை.

விவசாயிகளுக்கு எஞ்சின் புதிதா?

“எங்களுக்கு மெசின் வேலை தெரியாது பாதர்” என்று பலர் சொல்வார்கள். நாம் அதை ஏற்பதில்லை. 1990 இன் பின் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் தங்கமாக இருந்தது. அப்போது எமது மக்கள் மோட்டார் சைக்கிளையும் நீர்ப்பம்பியையும் மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினார்கள். சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி பீய்ச்சி, எஞ்சினைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றியதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் என்று கம்பனியே செய்து விற்கும் படகு எஞ்சினிலும் நடப்பது இதுவே. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் தொடக்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

படகு எஞ்சினும் எமக்கு அந்நியமல்ல. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகுகளில் கடந்தார்கள். எஞ்சின் பூட்டிய ஒரு படகு, எஞ்சின் இல்லாத பல படகுகளைக் கயிற்றில் தொடுத்து இழுத்துச் செல்லும். நடுவில் அந்த ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன என்ற பயம் எவ்வளவு என்பதை, நெல் மூட்டையோடும் கைக்குழந்தையோடும் அந்தப் படகுகளில் இருந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

திறந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம்

இரண்டு நாள் கழித்து, பக்கத்துக் கடற்றொழில் கிராமத்தில் எஞ்சின் திருத்தும் ஒருவரைக் கூட்டிவந்தோம். அறுபதைத் தாண்டியவர். திருத்துவதற்கு முன், பார்ப்பதற்கு மட்டும் என்று கூலி பேசினோம். இது முக்கியமானது. திருத்துகிறவரே பழுதையும் மதிப்பிட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வேலை கிடைக்கும் பக்கத்துக்கு மனம் சாயும். பார்த்ததற்குக் கூலி வாங்கியவர் தயங்காமல் “இதை விடுங்கோ” என்று சொல்லலாம்.

அவர் முதலில் எஞ்சினைத் தொடவில்லை. “கடலுக்குள்ள விழுந்ததோ?” என்று கேட்டார். இல்லை என்றான் மகன். ஓடிக்கொண்டிருக்கும்போதோ கழற்றும்போதோ கடலுக்குள் விழுந்த எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, உள்ளே புகுந்த நீரை வெளியேற்றி, ஒயில் விட்டு ஓட்டிவிட வேண்டும். வெளியே எடுத்து அப்படியே காற்றில் போட்டு வைத்தால், உப்பும் காற்றும் சேர்ந்து சில நாட்களிலேயே பெயாரிங்குகளையும் சுழல்தண்டையும் அரித்துவிடும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் கரையில் கைவிடப்பட்டு, மண்ணிலும் நீரிலும் கிடந்து, பின்னர் மீட்டெடுத்த எஞ்சின்களில் பணம் செலவழித்து ஏமாந்த குடும்பங்களை நாம் அறிவோம். வெளியே பூச்சு அடித்து மினுக்கினால் அவற்றை அடையாளம் காண்பது கடினம்.

பிறகு தொடக்கும் கயிற்றை மெதுவாக இழுத்தார். எஞ்சினுக்குள் அழுத்தம் நன்றாக இருந்தால் கயிறு கையை எதிர்க்கும். வெறும் நூல் போல வந்தால் உள்ளே பிஸ்டன், றிங், சிலிண்டர் தேய்ந்துவிட்டன. இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். எண்கள் எவ்வளவு உயர்ந்தவை என்பதைவிட, இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றனவா என்பதே பெரிய விசயம் என்றார். சமமாக இருக்கவில்லை. மேல் சிலிண்டர் நன்றாக இருந்தது. கீழ்ச் சிலிண்டர் தளர்ந்திருந்தது.

அடுத்து, அடிப்பகுதியில் கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, ஒயிலை விரலில் எடுத்துப் பார்த்தார். பால் கலந்த தேநீர் போல இருந்தது. கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது, சீல் பழுது. ஆனால் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது இரும்புத் துகள் மினுங்கவில்லை. “பல்லுச் சக்கரம் தப்பியிட்டுது” என்றார். சீல் மலிவு, பல்லுச் சக்கரம் விலை கூட. இந்த ஒரு துளி ஒயிலில் திருத்தச் செலவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறலாம்.

குளிர்நீர்ப் பம்பியின் உள்ளே இருக்கும் றப்பர் இறகுச் சக்கரம் காய்ந்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. ஓடும் எஞ்சினின் பக்கத்துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று வெளியே அடிக்க வேண்டும். அது நின்றால் எஞ்சினுக்குக் குளிர்நீர் போகவில்லை என்று பொருள்; சில நிமிடங்களில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கீறிவிடும். கீழ்ச் சிலிண்டருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று அவர் கருதினார். கையளவு றப்பர்த் துண்டு ஒன்றை வருடா வருடம் மாற்றாததால் வந்த செலவு.

கடைசியாகத் தலைப்பகுதியின் போல்ற்றுகளுக்கு எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் மெதுவாக அசைத்துப் பார்த்தார். அலுமினியத்துக்குள் இறுகிய இரும்புப் போல்ற்று உப்புப் பிடித்து முறிந்தால் அதைத் துளைத்து எடுக்க வேண்டும். ஐந்தாறு முறிந்தால் அந்த வேலைக்கே எஞ்சினின் விலை போய்விடும். நல்ல காலமாக எல்லாம் கழன்றன. உள்ளே குளிர்நீர் ஓடும் வழிகளில் உப்புப் படிந்திருந்தது. சுவர் அரித்து ஓட்டையாகவில்லை. அப்படி ஓட்டை விழுந்திருந்தாலோ, எஞ்சின் கூடு வெடித்திருந்தாலோ யோசிக்க ஒன்றுமில்லை, கழற்றிப் பாகம் பாகமாக விற்பதுதான் வழி.

கணக்கு

கீழ்ச் சிலிண்டரைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டனும் றிங்கும் போடலாம் என்றார் அவர். ஒரு சிலிண்டரை இப்படி இரண்டொரு முறைதான் கடையலாம். இது முதல் முறை. பிஸ்டன், றிங், காஸ்கற், சீல், இறகுச் சக்கரம், பட்டறைக் கூலி, அவருடைய கூலி, எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் வரும் என்று ஒவ்வொன்றாக எழுதித் தந்தார். திருத்தி ஓடவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் குறையாமல் போகும் என்றார். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். வாசகர்கள் எண்களை விட்டுக் கணக்குப் போடும் முறையைப் பார்க்கவும்.

இப்படியே விற்றால் கையில் 35,000. எண்பதாயிரம் போட்டுத் திருத்தி விற்றால் 160,000 வரும்; செலவைக் கழித்தால் கையில் 80,000. ஆகவே திருத்தத்தால் கிடைப்பது 45,000 ரூபா. தாளில் இது நல்ல இலாபம். ஆனால் தாளில் வராத இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த எண்பதாயிரம் எங்கிருந்து வரும்? திருத்தியது நிலைக்குமா?

மகன் சொன்னபடி திருத்தித் தொழிலுக்குப் போனால்? எண்ணெய்க்கும் கூட வருகிறவரின் பங்குக்கும் கழித்து, ஒரு பயணத்துக்கு ஆயிரம் ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டோம். எண்பதாயிரத்தை மீட்க எண்பது பயணம். காற்றும் மழையும் பார்த்து மாதம் பதினைந்து நாள் கடலுக்குப் போகலாம் என்றால், ஐந்து மாதத்துக்கு மேல் செல்லும். அதற்குள் காலபோகம் விதைத்து அறுவடைக்கும் வந்துவிடும், இவர்களுடைய வயல் தவிர.

எண்ணெய் விலையையும் மறக்க முடியாது. 2022 ஆவணி 21 நள்ளிரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. நாளொன்றுக்கு எட்டு லீற்றர் எரிக்கும் ஒருவருக்கு 696 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 2,720 ரூபா ஆனது. பல வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. பின்னர் விலை இறங்கியது; பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்ததால், பிற நாட்டிலிருந்து வரும் பிஸ்டனும் சீலும் பிளக்கும் விலை ஏறின. “போன முறை திருத்தினபோது இவ்வளவு வரேல்லையே” என்று திருத்துகிறவரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், புதிய எஞ்சினின் விலையும் அதே காரணத்தால்தான் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கிறது. பழையதைத் திருத்துவோர் கூடியிருப்பதும், கழற்றிய பாகங்களுக்கு விலை இருப்பதும் இதனால்தான்.

இங்கே எமது தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2011 இல், மீள்குடியேற்றத்தின் தொடக்கத்தில், உதவி நிறுவனம் ஒன்று ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஓர் எஞ்சினைக் கொடுத்தது. ஒரு வருடத்தில் அது நின்றது. “நல்ல எஞ்சின், திருத்துங்கள்” என்று நாமே சொன்னோம். மூன்று முறை திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் “இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் போடுவோம்” என்பதே நியாயமாக இருந்தது. மூன்றாவது முறைக்கு ஒரு பெண் தன் காதணியை அடகு வைத்தார். எஞ்சின் இன்று எங்கே என்று தெரியாது. காதணி மீளவே இல்லை. ஏற்கனவே போட்ட பணம் போன பணம்தான். இனிப் போடப்போகும் பணத்தை மட்டுமே கணக்கில் வைத்து யோசிக்க வேண்டும் என்று நாம் அன்று சொல்லியிருக்க வேண்டும். அந்த எஞ்சின் ஐவருக்கும் சொந்தம் என்பதால் ஒருவரும் அதைக் கழுவவில்லை, எல்லோரும் ஓட்டினார்கள் என்பது இன்னொரு விசயம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆகவே இந்தத் தாயிடம் வீட்டுக்கு வீடு வந்து கடன் கொடுக்கும் கம்பனிகளிடம் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னோம். வாராந்தத் தவணை கடலையும் பார்ப்பதில்லை, மழையையும் பார்ப்பதில்லை. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரும் அளவுக்கு நிலைமை போனதை எமது வாசகர்கள் அறிவார்கள். தவணைக்காரர் வாசலில் வந்து குந்திய வீடுகள் சிலவற்றில் நாமும் இருந்திருக்கிறோம்.

கடலில் நின்றுபோனால்

லாண்ட்மாஸ்ரர் வயலில் நின்றால் வரம்பில் இறங்கி நடந்து வீட்டுக்கு வரலாம். படகு எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. அரைகுறையாகத் திருத்தி, “இப்போதைக்கு ஓடும்” என்று கடலுக்குக் கொண்டுபோவது பணக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

மன்னாரின் தென்பக்கக் கடல் சோழகத்தில் கொந்தளிக்கும், வாடையில் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். ஆகவே தொழில் நடப்பது வாடையில். ஆனால் வாடை வடகிழக்கிலிருந்து வீசுவது. எஞ்சின் நின்றால் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது, வெளியே தள்ளும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். 1974 இலும் 1976 இலும் இரு நாடுகளும் வரைந்த எல்லைக்கோடு கடல்மீது தெரிவதில்லை. பழுதான எஞ்சினோடு எல்லையைத் தாண்டி மிதந்தவர் கடற்படையிடமும் நீதிமன்றத்திடமும் போய் விளக்க வேண்டும்; அதற்குள் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். துடுப்பு, நங்கூரம், குடிநீர், உதிரிப் பிளக், பிளக் சாவி, இவை இல்லாமல் ஒற்றை எஞ்சின் படகு போகக் கூடாது. திருத்திய எஞ்சினை முதல் பத்து நாளாவது கரை தெரியும் தூரத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். புதிய பிஸ்டன் சிலிண்டரோடு இசைவதற்கு இந்தக் காலம் வேண்டும். ஒயிலும் வழமையைவிடக் கூடுதலாகக் கலக்க வேண்டும். பெற்றோலில் ஓடும் இரண்டு வீச்சு எஞ்சின்கள் பலவற்றுக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது பத்து லீற்றருக்கு இருநூறு மில்லி லீற்றர் ஒயில் என்பது வழமை. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இதைவிடக் கூட வேண்டும். எஞ்சினோடு வந்த கைநூலில் உள்ள அளவையே பின்பற்றவும். “கண்ணால பாத்து ஊத்திறது” என்பது சிலிண்டரைக் கண்ணால் பார்க்க வைக்கும்.

மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். “நான் அப்பாவோட போனனான், எனக்குத் தெரியும்” என்றான். திருத்துகிறவர் சிரித்தார். “அப்பாவோட போனது வேற தம்பி. தனியப் போறது வேற.”

விற்பதென்றால்

விற்கும் முடிவு எடுத்தவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். நிறுத்து வாங்கும் பழைய இரும்புக்காரரிடம் முழு எஞ்சினைக் கொடுக்க வேண்டாம். ஓடாத இரண்டு எஞ்சினிலிருந்து ஓடும் ஒன்றை உருவாக்குவது எமது கரைகளில் வழமை. காபரேற்றர், கியர்ப் பெட்டி, விசிறி, தொடக்கும் கயிற்றுப் பகுதி, மூடி, எண்ணெய்த் தாங்கி, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படுகிறவர் எங்கோ ஒரு கரையில் இருக்கிறார். பாகமாக விற்றால் நாட்கள் எடுக்கும். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும்.

எஞ்சினின் இலக்கத்தை எழுதி, வாங்குகிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொகை எல்லாம் குறித்து, இருவரும் கையொப்பமிட்ட தாளை வைத்திருங்கள். கடற்றொழில் பரிசோதகருக்கும் உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அறிவித்துப் பதிவிலிருந்து உங்கள் பெயரை நீக்குங்கள். விற்ற எஞ்சின் நாளை தவறான வேலை ஒன்றில் பிடிபட்டால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு. எமது மாவட்டங்களில் இது வெறும் பயமுறுத்தல் அல்ல.

இந்தக் குடும்பம் செய்தது

விற்கவுமில்லை, தாங்களாகத் திருத்தவுமில்லை. இது எமது யோசனையும் அல்ல, திருத்துகிறவருடையது. பக்கத்துக் கிராமத்தில் வள்ளம் இருந்தும் எஞ்சின் இல்லாத ஒருவரை அவருக்குத் தெரியும். அவர் தன் பணத்தில் திருத்துவது. வாடைக் காலம் முழுவதும் ஓட்டுவது. எண்ணெய்ச் செலவு கழித்த பிடியில் எஞ்சினுக்கென்று ஒரு பங்கு. அந்தப் பங்கில் பாதி திருத்தச் செலவுக்குக் கழியும், மீதிப் பாதி தாயிடம் வரும். எண்பதாயிரமும் கழிந்த பின் முழுப் பங்கும் அவருக்கு. எஞ்சின் தாயின் பெயரிலேயே இருக்கும். பங்கு முறை எமது கரைகளுக்குப் புதிதல்ல. வயலில் குத்தகைக்குக் கொடுப்பதைப் போன்றதுதான் என்று சொன்னபோது தாய்க்கு உடனே விளங்கியது. அவர் கேட்ட முதல் கேள்வியும் விவசாயியின் கேள்விதான்: “பிடியில்லாத நாளில என்ன கணக்கு?” பிடியில்லாவிட்டால் பங்கில்லை. ஆனால் கழிவும் இல்லை. இன்னொன்றும் கேட்டார்: “பழுதானால்?” அந்த வாடைக் காலத்தில் வரும் சிறு பழுது ஓட்டுகிறவருடையது, கடலில் போட்டுவிட்டால் முழு விலையும் அவருடையது என்று எழுதினோம். சங்கத் தலைவர் முன்னிலையில் மூன்று பிரதி.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். புரட்டாசியில் தேவைப்பட்ட பணம் இதனால் வரவில்லை. குழுவின் சுழற்சிக் கடனில் இருபத்தையாயிரம் எடுத்து ஒரு ஏக்கரை மட்டும் விதைத்தார்கள். மற்றது தரிசாகக் கிடந்தது. முப்பத்தையாயிரத்துக்கு விற்றிருந்தால் இரண்டையும் விதைத்திருக்கலாம் என்று தாய் எம்மிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். அவர் சொல்வது தவறென்று எம்மால் சொல்ல முடியவில்லை. மார்கழியில் இரண்டு கிழமை பங்குப் பணம் வரவில்லை. மகன் போய்க் கேட்டு வாங்கிவந்தான். அதன் பின் ஒழுங்காக வருகிறது.

மகனுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வள்ளம் கரைக்கு வரும் ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் கழுவுவது அவன் பொறுப்பு. குடிக்கும் தண்ணீரே பவுசரில் வரும் ஊரில் எஞ்சினுக்கு எங்கே போவது என்று முதலில் முணுமுணுத்தார்கள். கோயில் வளவுக் கிணறு சற்று உவர். குடிக்க உதவாது, கடல்நீரைவிட எவ்வளவோ மேல். பழைய பீப்பாய் ஒன்றை நிரப்பி, எஞ்சினை அதற்குள் இறக்கி, பத்து நிமிடம் பெற்றோலில் ஓடவிடுகிறான். உப்பும் கழுவுப்படும், காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயும் எரிந்துபோகும், மறுநாள் காலையில் கயிற்றை இருபது முறை இழுக்கத் தேவையிராது. பெற்றோலை மிச்சம் பிடிக்கப் பலர் இதைச் செய்வதில்லை. பக்கத்துளையிலிருந்து நீர்த்தாரை அடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறான். எத்தனையாம் திகதி எவ்வளவு பிடி, எத்தனை லீற்றர், எவ்வளவு கழிந்தது என்று தாய் ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்.

தை மாதம் நாம் போனபோது கொட்டிலில் அவர் இல்லை. வயலுக்குப் போய்விட்டார் என்றான் மகன். கதிர் முற்றுகிறதாம், கிளி விரட்ட வேண்டுமாம். கொப்பியை எடுத்துக் காட்டினான். நாற்பத்தோராயிரம் கழிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வேறொரு கணக்கும் இருந்தது: சிறுபோகத்துக்கு இரண்டு அங்குல பம்பி ஒன்று, பழையது, எவ்வளவு வரும் என்று. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“இதையும் பாதரிட்டக் கேக்கவேணுமெண்டு அம்மா சொன்னவ” என்றான். “வாங்க முதல் திறந்து பாக்கவேணுமாம்.”